நிதி இறுகிய காலத்தில் முதல் கிராண்ட் (திட்ட நிதியுதவி) வாங்குவது எப்படி? சிறு தொண்டு நிறுவனங்களுக்கு

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதியோடு அந்த உதவிகளை வழங்கிவந்த யூஎஸ்எய்ட் அமைப்பே வேலையை முடித்துக்கொண்டது. "நாம் வெளிநாட்டுப் பணமே வாங்கியதில்லை, நமக்கென்ன?" என்று கேட்டார் நண்பர் ஒருவர். ஒன்றியம் ஒன்றில் மாலை நேர வகுப்புகள் நடத்துகிறவர். சம்பந்தம் இருக்கிறது. அந்த மாதிரிப் பணத்தில் ஓடிக்கொண்டிருந்த பெரிய அமைப்புகள் இப்போது உள்ளூர் சிஎஸ்ஆர் கதவை, அதாவது கம்பெனிகள் சட்டப்படி சமூக வேலைக்குச் செலவிட வேண்டிய பணத்தின் கதவைத் தட்டுகின்றன. நீங்கள் நிற்கும் அதே வரிசையில் அவர்களும் நிற்கிறார்கள், நல்ல ஆங்கிலத்தில் புரொபோசல் எழுதத் தனி ஆட்களோடு.

நான் பல வருடம் ஒரு சிறு அறக்கட்டளையில் கணக்கும் எழுதினேன், புரொபோசலும் எழுதினேன். பிறகு சில வருடம் பணம் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் விண்ணப்பங்களைப் படித்தேன். அங்கே போனபிறகுதான் ஒன்று உறைத்தது. எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு நம் சேவையில் சந்தேகமே இல்லை. அவருக்கு இருப்பது பயம். கம்பெனி கொடுத்த பணம் சொன்ன காரியத்துக்கே செலவானது என்று நிறுவனத்தின் தலைமை நிதி அதிகாரி எழுதிச் சான்று தரவேண்டும் என்கிறது சிஎஸ்ஆர் விதி. செலவழிக்கவும் இல்லை, உரிய நிதிக்கு மாற்றவும் இல்லை என்றால் கம்பெனிக்கு அபராதம், பொறுப்பில் இருக்கும் ஆட்களுக்கும் தனியாக அபராதம். இது 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆக, நாம் கொண்டுபோகும் ஒவ்வொரு தாளும் அந்தக் கையெழுத்தைப் போடுகிறவரின் பயத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். கீழே சொல்லப்போவது எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் ஃபைல்

புரொபோசல் எழுத உட்காருவதற்கு முன் ஒரு ஃபைல் போடுங்கள். டிரஸ்ட் பத்திரம் அல்லது சங்கப் பதிவுச் சான்று, பான் கார்டு, 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை) பதிவுகள், நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் வாங்கிய எண், கடைசி 3 ஆண்டு ஆடிட் ரிப்போர்ட், வருமான வரி ரிட்டர்ன், அறங்காவலர் பட்டியல், வங்கிக் கணக்கின் ரத்து செய்த காசோலை. கம்பெனிப் பணத்துக்குப் போவதாக இருந்தால் இவற்றோடு சிஎஸ்ஆர்-1 எண். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அந்தப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆடிட்டரோ கம்பெனி செக்ரட்டரியோ சான்றளிக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1-க்குப் பிறகு இந்த எண் இல்லாத அமைப்புக்கு சிஎஸ்ஆர் பணம் போகாது.

12ஏ, 80ஜி என்பவை 1961 வருமான வரிச் சட்டத்தின் எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டாலும் ஆடிட்டர் ஆபீசில் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், நீங்களும் அப்படியே சொல்லலாம். கவனிக்க வேண்டியது காலாவதி தேதி. புதிய அமைப்புக்குக் கிடைக்கும் தற்காலிகப் பதிவு 3 ஆண்டுக்குத்தான். அந்தத் தேதியைச் சுவர் காலண்டரில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள். தேதி தாண்டிய பதிவோடு வந்த நல்ல அமைப்புகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வேறு வழியில்லை.

எங்களுக்கே நடந்த ஒரு கதை. பான் கார்டில் "சாரிட்டபிள் டிரஸ்ட்" என்று இருந்தது, வங்கிக் கணக்கில் வெறும் "டிரஸ்ட்". கணக்கு திறந்த அன்று யாரோ ஒரு சொல்லை விட்டுவிட்டார்கள். எட்டு வருடம் யாரும் கவனிக்கவில்லை. ஒரு கம்பெனி பணம் போட ஒப்புக்கொண்டு எம்ஓயூ (புரிந்துணர்வு ஒப்பந்தம்) வரை வந்தபிறகு அவர்களுடைய நிதிப் பிரிவு அதைப் பிடித்தது. வங்கியில் பெயர் திருத்த நாங்கள் ஆறு வாரம் அலைந்தோம். அதற்குள் அந்த ஆண்டின் பணம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. எல்லாக் காகிதத்தையும் ஒரே மேசையில் பரப்பி, பெயர், முகவரி, அறங்காவலர் இனிஷியல் வரை விரல் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அரை நாள் வேலை.

டிரஸ்ட் பத்திரத்தின் நோக்கங்களையும் ஒருமுறை படித்துவிடுங்கள். தாத்தா காலத்தில் அன்னதானத்துக்கும் கோயில் திருப்பணிக்கும் எழுதிய பத்திரத்தை வைத்துக்கொண்டு பெண்களுக்குத் தொழிற்பயிற்சி என்று கேட்டால் ஆடிட்டர் நிறுத்திவிடுவார்.

தொடங்கி 3 ஆண்டு ஆகவில்லை என்றால்? கம்பெனியே தொடங்கிய அறக்கட்டளைகளைத் தவிர மற்ற அமைப்புகள் அதே மாதிரி வேலையில் 3 ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும் என்பது சிஎஸ்ஆர் விதி. அதுவரை ஊர்க்காரர்கள், பள்ளியின் பழைய மாணவர்கள், ரோட்டரி, லயன்ஸ் போன்ற சங்கங்கள் ஆகியோரின் சிறு தொகைகளில் வேலை பாருங்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது, ஆண்டுதோறும் ஆடிட். அந்த 3 ஆண்டு ஆடிட் ரிப்போர்ட்தான் பிறகு உங்களுக்காகப் பேசப்போகிறது.

யாரிடம் போவது

டாடா, இன்ஃபோசிஸ் என்று பெரிய பெயர்களில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். கணக்கைப் பாருங்கள். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. முந்தைய நிதியாண்டில் நிகர லாபம் 5 கோடி, அல்லது விற்றுவரவு 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே அந்தக் கம்பெனிக்கு சிஎஸ்ஆர் கடமை வருகிறது. கடந்த 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதம். 5 கோடி சராசரி லாபம் என்றால் 10 லட்சம் ரூபாய்.

அப்படிப்பட்ட கம்பெனிகள் கோயம்புத்தூர் பம்ப், வார்ப்படத் தொழிலில், திருப்பூர் பின்னலாடையில், கரூர் வீட்டு ஜவுளியில், ஓசூர் உதிரிபாகத்தில் இருக்கின்றன. பல குடும்பக் கம்பெனிகள். கடமைத் தொகை 50 லட்சத்தைத் தாண்டாத கம்பெனிக்கு சிஎஸ்ஆர் கமிட்டியே கட்டாயமில்லை, இயக்குநர் குழுவே முடிவு செய்யலாம். நடைமுறையில் எம்டியும் அவருடைய ஆடிட்டரும் உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். பெங்களூரிலிருந்தோ மும்பையிலிருந்தோ ஒருவர் ஆன்லைன் படிவத்தில் உங்களை வடிகட்டப் போவதில்லை. தன் ஆலை இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சென்னையின் பெரிய அமைப்புக்கு இல்லாத ஒரு பலம் உங்களுக்கு இங்கே இருக்கிறது: அந்த ஆலையின் தொழிலாளர்கள் பஸ் ஏறும் ஊரில் நீங்கள் வேலை செய்கிறீர்கள்.

எந்தக் கம்பெனி எதற்குக் கொடுத்தது என்பதை ஊகிக்க வேண்டாம். அமைச்சகத்தின் தேசிய சிஎஸ்ஆர் தளத்தில் கம்பெனி வாரியாக, மாவட்ட வாரியாக, துறை வாரியாகப் பார்க்கலாம். இணையதளம் வைத்திருக்கும் கம்பெனி தன் சிஎஸ்ஆர் கொள்கையையும் இயக்குநர் குழு ஒப்புதல் தந்த திட்டங்களையும் அதில் போடவேண்டும். உங்கள் மாவட்டத்தை வைத்துத் தேடி 30 பெயர் எழுதுங்கள். உங்கள் வேலைக்குப் பக்கத்தில் கூட வராதவற்றை அடியுங்கள். 8 மிஞ்சினால் போதும். 80 இடத்துக்கு ஒரே கடிதத்தை அனுப்புகிறவர்களைப் படிக்கிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ஒருமுறை வேறொரு கம்பெனியின் பெயரை மாற்றாமலே எனக்கு வந்த கடிதத்தை நான் பல நாள் மேசையில் வைத்திருந்தேன், பயிற்சிக்கு வருகிறவர்களிடம் காட்ட.

அரசுப் பக்கம் சுருக்கமாக: கிராமப்புற வாழ்வாதார வேலை என்றால் உங்கள் மாவட்டத்துக்கான நபார்டு வளர்ச்சி மேலாளரைப் போய்ப் பாருங்கள். விண்ணப்பம் கொடுக்கும் முன் அவரிடம் அரை மணி நேரம் பேசுவது பத்துப் பக்கம் எழுதுவதைவிட மேல். அரசுப் பள்ளிக் கட்டடம், உபகரணம் என்றால் தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி வழியாகவே நிறைய சிஎஸ்ஆர் பணம் போகிறது. அதோடு போட்டி போடாமல், அது தராத ஒன்றை நீங்கள் தருவதாகக் காட்ட வேண்டும்.

வெளிநாட்டுப் பணம் இப்போதைக்கு வேண்டாம். எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற 3 ஆண்டு அமைப்பாக இருந்திருக்க வேண்டும், அந்த 3 ஆண்டில் சொந்த நோக்கங்களுக்காக 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லி ஸ்டேட் வங்கியின் பிரதான கிளையில்தான் வந்து விழ வேண்டும். பதிவு பெற்ற பெரிய அமைப்பு தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை உங்களுக்குப் பிரித்துத் தரவும் முடியாது. யாராவது "எங்கள் எஃப்சிஆர்ஏ-வில் வாங்கித் தருகிறோம்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எப்போது போவது

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அந்த ஆண்டின் செயல்திட்டத்தைக் கம்பெனிகள் பெரும்பாலும் முதல் சில மாதங்களில் முடிவு செய்கின்றன. ஜூனில் போய் நின்றால் "இந்த வருடம் முடிந்துவிட்டது" என்பார்கள், அது பொய்யில்லை. ஜனவரி, பிப்ரவரியில் முதல் சந்திப்பு நடந்திருக்க வேண்டும்.

இன்னொரு வாசல் மார்ச்சில் திறக்கும். பல ஆண்டு ஓடும் தொடர்திட்டத்துக்கு ஒதுக்காத பணம் மார்ச் 31-க்குள் செலவாகாமல் நின்றால், கம்பெனி அதை 6 மாதத்துக்குள் பிரதமர் நிவாரண நிதி போன்ற சட்டம் சொல்லும் நிதிகளில் கட்ட வேண்டும். அதைவிட உள்ளூரில் கொடுப்பதையே எம்டி விரும்புவார். ஆனால் உங்கள் கணக்குக்கு வந்ததே செலவு ஆகாது, நீங்கள் செலவழித்துக் காட்டினால்தான் அவருக்குக் கணக்கில் ஏறும். அதனால் ஒரு மார்ச் ஃபைல் தனியாகத் தயாராக இருக்கட்டும்: இரண்டு, மூன்று வாரத்தில் வாங்கி முடிக்கக்கூடிய பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று கொட்டேஷன், எங்கே வைக்கப்போகிறீர்கள் என்ற ஒரு வரி.

ஒரு பக்கம்

முதலில் ஒரு பக்கம் மட்டும், கான்செப்ட் நோட். கேட்டால் மட்டும் முழுப் புரொபோசல்.

எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படித் தொடங்கின: "சமூகத்தின் அனைத்துத் தரப்பு மக்களின் ஒருங்கிணைந்த வளர்ச்சிக்காக அயராது பாடுபட்டு வரும் எமது அறக்கட்டளை..." இதைப் படித்து முடிக்கும்போது எந்த ஊர், எத்தனை பேர், என்ன வேலை என்று ஒன்றும் தெரியாது. இப்போதெல்லாம் ஏஐ கொண்டு எழுதிய ஆங்கிலம் வேறு. எல்லாக் கடிதமும் ஒரே தையற்கடையில் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. நீங்கள் தமிழில் எழுதுங்கள், உங்களுக்குத் தெரிந்ததைத் தெரிந்த மாதிரி. பிறகு ஆங்கிலம் வேண்டுமென்றால் யாரையாவது வைத்து மாற்றிக்கொள்ளலாம்.

இப்படி எழுதிப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான்:

"எங்கள் ஒன்றியத்தின் 10 ஊர்களில் 3 முதல் 5-ஆம் வகுப்பு வரை படிக்கும் 250 பிள்ளைகளிடம் ஜூலையில் 2-ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். தடுமாறாமல் படித்தவர்கள் 92 பேர். அந்தந்த ஊரிலேயே பட்டம் படித்த 10 பெண்கள் மாலை 5.30 முதல் 7.30 வரை இவர்களுக்குச் சொல்லித் தருவார்கள். 10 மாதத்தில் 175 பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது எங்கள் இலக்கு. ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு 3,560 ரூபாய்."

"250 பிள்ளைகளும் படிப்பார்கள்" என்று எழுதாததைக் கவனியுங்கள். 175 என்பதை நம்ப முடிகிறது. நூற்றுக்கு நூறு என்று எழுதுகிறவரைப் பார்த்தால் அதிகாரிக்குப் பழைய பயம் வந்துவிடும்.

அடுத்து அவர் கேட்கப்போவது நிச்சயம்: "இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும் எல்லாம் அரசு கொண்டுவந்ததே, நீங்கள் எதற்கு?" இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காதீர்கள். அரசுத் திட்டம் உங்கள் ஊரில் எந்த அளவுக்கு நடக்கிறது, எங்கே நிற்கிறது, தலைமையாசிரியர் என்ன சொன்னார் என்பதை அந்த ஒரு பக்கத்திலேயே இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

பட்ஜெட்

பல நல்ல அமைப்புகள் விழுவது இங்கேதான். மேலே சொன்ன 10 மையங்களுக்கு ஒரு வருட பட்ஜெட் போட்டுப் பார்ப்போம்.

ஆசிரியர் மதிப்பூதியம், 10 பேர் × 4,000 × 10 மாதம் = 4,00,000
ஒருங்கிணைப்பாளர், 15,000 × 12 மாதம் = 1,80,000
கற்றல் பொருள், 250 பிள்ளைகள் × 600 = 1,50,000
தொடக்கம், முடிவு என 2 முறை மதிப்பீடு, 250 × 2 × 60 = 30,000
ஆசிரியர் பயிற்சி, 12 பேர் × 4 நாள் × 500 = 24,000
களப் பயணம், 2,500 × 12 = 30,000
பகுதிநேரக் கணக்கர், 5,000 × 12 = 60,000
ஆடிட், யூசி (பணம் சொன்ன காரியத்துக்கே செலவானது என்ற) சான்று = 16,000
மொத்தம் = 8,90,000

ஒவ்வொரு வரியிலும் பெருக்கல் தெரிகிறது. "பயிற்சிச் செலவு 24,000" என்று மட்டும் எழுதியிருந்தால் அதைப் பற்றி ஒரு போன் வரும். எத்தனை பேர், எத்தனை நாள், தலைக்கு எவ்வளவு என்று தெரிந்தால் வராது. பயிற்சியில் ஏன் 12 பேர்? 10 ஆசிரியர், ஒருங்கிணைப்பாளர், யாராவது நின்றுவிட்டால் மாற்றாக ஒருவர். இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் கையில் இருக்க வேண்டும்.

கணக்கரையும் ஆடிட்டையும் பார்த்துவிட்டு "நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் தர முடியாது, விதி" என்பார்கள். அந்த 5 சதவீத உச்சவரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் சொந்த நிர்வாகச் செலவுக்கு. ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியின் விளக்கத்திலேயே இருக்கிறது. சண்டை போடாமல் சொல்லுங்கள். பட்ஜெட்டில் "நிர்வாகம்" என்று மொத்தமாகப் போடாமல், "திட்டக் கணக்கு", "யூசி சான்று" என்று செய்யும் வேலையின் பெயரிலேயே போட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். கணக்கருக்குப் பணம் கேட்கக் கூச்சப்பட்டு, பிறகு கணக்கு சரியாக இல்லாமல் இரண்டாம் தவணை நின்றுபோனவர்கள் எத்தனையோ பேர்.

இப்போது அந்த 10 லட்சக் கடமைக் கம்பெனிக்கு வருவோம். அதன் எம்டியிடம் 8.9 லட்சம் கேட்டால் அந்த வருடத்துப் பணம் முழுவதையும் உங்களுக்கே கேட்கிறீர்கள். அவருக்கு ஏற்கெனவே ஒரு பள்ளி, ஒரு மருத்துவ முகாம் என்று வழக்கம் இருக்கும். 5 மையத்துக்குக் கேளுங்கள். ஆனால் 5 மையம் என்பதால் ஒருங்கிணைப்பாளர் சம்பளமும் கணக்கர் சம்பளமும் பாதியாகிவிடாது. ஆகவே இரண்டு கம்பெனிகளிடம் ஆளுக்கு 5 மையம், பொதுச் செலவில் ஆளுக்குப் பாதி, தலா 4,45,000. இப்படிப் பங்கு போட்டிருப்பதை இருவரிடமும் எழுத்தில் காட்டுங்கள். ஒரே பில்லை இரண்டு பேரிடமும் காட்டினால் என்றைக்காவது ஆடிட்டில் மாட்டும், பிறகு அந்த மாவட்டத்தில் உங்களுக்கு யாரும் கொடுக்கமாட்டார்கள். எம்டிகள் ஒரே சங்கத்தில் உறுப்பினர்கள், ஒரே கல்யாணங்களுக்குப் போகிறவர்கள்.

பார்க்க வரும்போது

கம்பெனி அதிகாரி மையத்தைப் பார்க்க வரும்போது வரவேற்பு ஃபிளெக்ஸ் வேண்டாம். சால்வை வேண்டாம். அது யார் பணம் என்றுதான் அவர் மனசுக்குள் கணக்குப் போடுவார். ஒரு டீ போதும்.

வகுப்பு வழக்கமாக நடக்கும் நேரத்துக்கு அவரை வரச் சொல்லுங்கள், அவர் வசதிக்காகக் காலை 11 மணிக்குப் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைக்க வேண்டாம். நான் போன ஒரு மையத்தில் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு நாள் விடாமல் 25-க்கு 25. அந்த ஊர் மாரியம்மன் கோயில் திருவிழா நாளிலும் 25. மறுநாள் தீமிதி, அன்றும் 25. எந்தப் பிள்ளை திருவிழாவை விட்டுவிட்டு வாய்ப்பாடு சொல்ல வந்திருக்கும்? அந்த ஆசிரியை நல்லவர், வகுப்பும் உண்மையில் நடந்துகொண்டிருந்தது. யாரோ அவரிடம் "குறையாமல் காட்டு" என்று சொல்லியிருக்கிறார்கள். என்னால் பரிந்துரைக்க முடியவில்லை. 25-க்கு 17 என்று இருந்திருந்தால், வராத 8 பேர் ஏன் வரவில்லை என்று பேசியிருப்போம்.

கிடைத்தபின், கிடைக்காதபின்

கிடைத்தால் திட்டத்துக்குத் தனியாக லெட்ஜர், முடிந்தால் தனி வங்கிக் கணக்கு. யூசியை ஆடிட்டர், ஒவ்வொரு சான்றுக்கும் எடுக்கும் யூடின் என்ற தனி எண்ணோடு தரவேண்டும், அது இல்லாத சான்றைக் கம்பெனியின் நிதிப் பிரிவு திருப்பி அனுப்பும். ஒரு தலைப்பில் மிச்சமான பணத்தை இன்னொரு தலைப்புக்கு மாற்ற வேண்டியிருந்தால் செலவழிக்கும் முன்பே ஒரு மெயில் போட்டுச் சம்மதம் வாங்குங்கள். பிறகு சொன்னால் அதே விஷயம் தப்பாகத் தெரியும்.

பெரும்பாலும் கிடைக்காது. 8 இடம் போனால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மறுப்பு வந்தால் நன்றி சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அடுத்த முறை எதைச் சரிசெய்துகொண்டு வரட்டும்?" பாதிப் பேர் பதில் போடமாட்டார்கள். போடுகிறவர்கள் சொல்வது தங்கம். அதன்பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை அரைப் பக்கம் அனுப்புங்கள், பணம் கேட்காமல். இந்தக் காலாண்டில் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எது சரிவரவில்லை, ஒரு படம். பண்டிகை வாழ்த்துப் படங்களை அனுப்பாதீர்கள்.

எங்களை மறுத்த ஒரு நூற்பாலைக்கு இப்படி மூன்று முறை அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை. மார்ச் 9-ஆம் தேதி மாலை போன் வந்தது. அவர்கள் அக்கவுண்ட்ஸ் மேனேஜர். "போன கடிதத்துல பிள்ளைங்க தரையில உட்கார்ந்து எழுதுறாங்கன்னு போட்டிருந்தீங்களே சார், டெஸ்க் எவ்வளவு ஆகும்? 31-க்குள்ள பில் வேணும்." மூன்று கொட்டேஷனும் மார்ச் ஃபைலில் இருந்தன. அன்றிரவே ஸ்கேன் செய்து அனுப்பினேன்.